காணாமல் போன இடப்பக்கம்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். இன்றைக்குப் பலமனேரில் என் தக்காளி மண்டி எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். சந்தையில் கத்தியோடு வந்தவனை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியவன் நான். அப்படிப்பட்டவன் சின்ன வயதில் நடுநடுங்கியது திருப்பதி ஆஸ்பத்திரியில், ஒரு குச்சி நுனியில் எரிந்த சின்ன பல்புக்கு.

எட்டு வயதில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்து போனது. அதன்பிறகு தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே கிடக்கும். நடந்தால் கதவின் இடப்பக்கம் போய் முட்டிக்கொள்வேன். பெங்களூரில் கட்டடமாக எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊரில் பாதிப்பேர் அங்கே கட்டட வேலைக்கு மூட்டை கட்டிவிட்டார்கள். என் அப்பா, நைனா, ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்: "கண்ணு சரியா கீதுன்னு சொன்னா உன்னையும் இட்டுக்கினு போறேன். இல்லாங்காட்டி அத்த வூட்லயே இரு. வேல நடக்கற எடத்துல கம்பியும் குழியுமா கெடக்கும்."

ஆக, எனக்கு அது பரீட்சை.

இருட்டறை. டாக்டரம்மா எதிரே உட்கார்ந்து தன் மூக்கையே பார்க்கச் சொன்னார். நர்ஸ் என் முதுகுப்பக்கமிருந்து பல்பை மெல்ல முன்னால் கொண்டுவருவார்; தெரிந்ததும் நான் திரும்ப வேண்டும். வலப்பக்கம் தெரிந்தது. இடப்பக்கம் இருட்டுகூட இல்லை, ஒன்றுமே இல்லை. அப்போது டாக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடியில் ஒரு பொட்டு வெளிச்சம் அசைந்தது. சடாரென்று இடப்பக்கம் திரும்பினேன். மூன்று தடவை, தப்பாமல்.

"பலே ஆளுடா நீ," என்று சிரித்தவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் மூக்கு மட்டும்தான் இருந்தது. குத்துமதிப்பாக ஒருமுறை திரும்பினேன்.

"இன்னும் காட்டவே இல்லியே, சாமி," என்றார் நர்ஸ்.

என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டரம்மா நைனாவோடு வெகுநேரம் பேசினார். நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். எப்போதும் என் வலப்பக்கம் வருகிறவர், ரோட்டில் இறங்கியதும் இடப்பக்கம் மாறினார். அவ்வளவுதான், ஆளைக் காணோம். தலையை முழுக்கத் திருப்பினால் இருந்தார். நேரே பார்த்தால் இல்லை. தோற்றுப்போனவனை விட்டுப்போக இப்போதே பழகுகிறார் என்று நினைத்தேன்.

"இந்தப் பக்கம் வா நைனா," என்று அழுதேன்.

"இங்கதான்டா கீறேன். நட."

மாறவேயில்லை. பெங்களூருக்கும் கூட்டிப்போனார், அங்கேயும் அந்தப் பக்கமே நடந்தார். இருக்கிறாரா, போய்விட்டாரா என்று அடிக்கொருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எனக்குத் தெரியாமல் வரக்கூடிய வண்டியெல்லாம் அந்தப் பக்கமிருந்துதான் வரும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.