ஜேசுராஜுக்கு இரைச்சல் வேண்டும்

என் வீட்டுக்காரர் ஜேசுராஜுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை ஒரு குரல் படித்துச் சொல்லும். அதைக் கேட்டுத்தான் எல்லாம் செய்வார். அது ஓடுகிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. அவருக்கு அதுதான் கண்.

பி.காம் முடித்துவிட்டு, கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசித்துக்கொண்டே வேலை தேடினார். நேரில் பார்த்ததும், "தகவல் சொல்றோம் சார்" என்பார்கள். அப்புறம் சொன்னவன் ஒருத்தன் கிடையாது. பாவிகள்! கடைசியில் சென்னைக் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைக்கு ஆன்லைன் பரீட்சை வைத்தது. திங்கட்கிழமை காலையில். ஒரே வாய்ப்பு. கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அறைக்குள் வேறு ஆள் இருக்கக் கூடாது.

சனிக்கிழமை, வயல் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக நின்றதும் கரண்ட் எகிறியது. கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டது, அதன் சத்தம் மட்டும் செத்துப்போனது. பரீட்சைக்கு நடுவில் ஒரே நாள்தான் இருந்தது.

திருத்துறைப்பூண்டியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெக்கரியா இரண்டு சாமான்களை எடுத்து வைத்தான். ஒன்று சவுண்டு கார்டு, பெட்டிக்குள் மாட்டுவது. இன்னொன்று டேக் என்றான், அதுவும் சத்தத்துக்குத்தான். தீப்பெட்டி அளவு, வெளியே யூஎஸ்பியில் செருகுவது.

"அண்ணே, கார்டு உள்ள இருக்கறதால ஃபேன், கரண்டுன்னு எல்லா இரைச்சலையும் இழுக்கும். இது பழைய சரக்கு வேற. டேக் வாங்குங்க, சுத்தமா கேக்கும்."

"கார்டே போதும். பழகின சாமான்" என்றேன் நான்.

"வருஷக்கணக்கா அந்த இரைச்சல் என் காதத் தின்னுருக்கு ஜூலி. உனக்கென்ன தெரியும்?" என்றார் இவர்.

கடையில் வைத்து அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. எப்படியோ போங்க என்று டேக்கோடு வந்தோம்.

வீட்டில் குரல் அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. அவர் முகமே மலர்ந்துவிட்டது. மாதிரிப் பரீட்சை ஒன்றைப் போட்டார். கேள்வியைக் கேட்டார், கொஞ்சம் யோசித்தார், 'ஏ'-யிலிருந்து 'பி'-க்குப் போக விசையைத் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி தட்டினார். "சி" என்றது.

"பி எங்க போச்சு?"

சத்தம் இல்லாத நேரத்தில் அந்த டேக் தூங்கிவிடுகிறது. முழித்து வருவதற்குள் முதல் ஒலியை விழுங்கிவிடுகிறது. பாட்டுக் கேட்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது. இவருக்கோ விடை ஒற்றை எழுத்து. யோசித்துவிட்டுத் தட்டினால், எந்த விடையில் நிற்கிறோம் என்றே தெரியாது.

"உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணாங்கறது எனக்குன்னே சொன்னதுடி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஞாயிறு, கடை பூட்டியிருந்தது. ஜெக்கரியா சொந்தக்காரர் நிக்காஹ்வில் இருப்பதாகச் சொன்னார்கள். ஸ்கூட்டியை மண்டபத்துக்கு விட்டேன். ஆண்கள் பந்தி, ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு நாலு பேராகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றே கூப்பிட்டேன்.

"அக்கா, ஒரே சஹன்ல நாலு பேரு உக்காந்திருக்கோம். பாதியில எந்திரிச்சா மத்தவங்களுக்கு மரியாதையா இருக்காது."

"அங்க ஒரு மனுஷன் சோறே எறங்காம உக்காந்திருக்காரு. உனக்குத் தட்டு மரியாதைதான் பெருசா?" என்று கத்தினேன். கூட இருந்த மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசர அவசரமாகச் சாப்பிட்டு முடித்தார்கள்.

கடையைத் திறந்து கார்டை எடுத்துக்கொண்டு வந்தவன், டேக்கைப் பிடுங்கிவிட்டு அதை மாட்டினான். ஹெட்போனைத் தன் காதில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தான்.

"அண்ணே, ஸ்ஸுன்னு இரையுதே."

இவர் அதை வாங்கி மாட்டிக்கொண்டார். இதுவும் தூங்குகிறதா என்று பார்க்க, விசையைத் தொடாமல் வைத்திருந்தார். பிறகு ஒரு தட்டுத் தட்டினார். "பி."

"இரையட்டும்டா. இரைஞ்சாத்தான் முழிச்சிருக்குன்னு எனக்குத் தெரியும்."

திங்கட்கிழமை மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். விசைச் சத்தம் நின்று நின்று வந்தது. பாதிப் பரீட்சையில், தலைக்கு மேலே ஃபேன் திடீரென்று வேகம் எடுத்தது. மோட்டார்கள் நின்றிருக்கின்றன, கரண்ட் எகிறுகிறது. உள்ளே விசைச் சத்தமும் நின்றுவிட்டது. வேளாங்கண்ணித் தாயே, அந்தக் கார்டு இன்னும் கொஞ்ச நேரம் தாங்கினால் போதும் என்று முந்தானையை வாயில் கடித்துக்கொண்டேன். கதவைத் திறக்கவும் கூடாது, கூப்பிடவும் கூடாது. செத்துப் பிழைத்தேன்.

டக். உள்ளே ஒரு விசை. அப்புறம் இன்னொன்று.

வியாழக்கிழமை மெயில் வந்தது. ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரைப் போட்டார். முதலில் அந்த இரைச்சல். அதன் பின்னால் குரல் கடகடவென்று ஓடி முடிந்தது. எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. திரையைப் பார்த்தேன், கண்ணில் நீர் முட்டியதில் எழுத்தெல்லாம் கலங்கிக் கிடந்தது.

"என்னன்னு சொல்லித் தொலைங்களேன்!"

"ஏன், உனக்குத்தான் கண்ணு இருக்குல்ல? படியேன்" என்றார் கிண்டலாக. கையை நீட்டி என் கையைத் தேடினார்.

"கெடச்சிருச்சு ஜூலி."