‘வேண்டாம்’ என்பதில் விழுந்த ஓட்டை

குதிரை வைத்தியர் சம்சாரம் மகாராணியின் தபால் பெட்டியைக் கோடாலியால் பிளந்துவிட்டாள் என்று டெவன்ஷயர் கிராமமான கிளீவ்கோம் முழுக்கப் பேச்சு. ரொட்டிக் கடையிலிருந்து கிளம்பியபோது அது வெறும் கோடாலிதான். மதுக்கடையை எட்டுவதற்குள் தபால்காரர் ஈலாய் வோடனின் இரண்டு விரல்களும் போயிருந்தன. பாதிரியார் வீட்டுச் சமையற்கட்டிலோ, அவளைப் பிடித்துப்போக எக்ஸிடர் நகரத்திலிருந்து ஆளே புறப்பட்டாயிற்று. “நீ பாத்தியா?” என்று கேட்டால், “பாத்தவங்களப் பாத்தேன்” என்றார்கள்.

விசாரித்துப் பார்த்ததில், ஈலாயின் விரல்கள் பத்தும் சைடர் மதுக் குவளையைச் சுற்றிப் பத்திரமாக இருந்தன. பெட்டியும் சந்துச் சுவரில் பதித்த இடத்திலேயே இருந்தது. கதவின் ஓரத்தில் கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஆயுதம் கோடாலி அல்ல, நிலக்கரி உடைக்கும் சுத்தியல். விழுந்தது ஒரே அடி. ஏன் அடித்தாள் என்று மட்டும் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. வதந்திக்கு ஆயுதம் இருந்தால் போதும். காரணம் கூடச் சேர்ந்தால் கனமாகிவிடும்.

அவள் பெயர் திர்சா பெத்திபிரிட்ஜ். இதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஊரில் யாரும் சொல்வதில்லை. கணவர் இருந்தவரை குதிரை வைத்தியர் சம்சாரம். அவரை ஒரு குதிரை உதைத்துக் கொன்ற பிறகும் குதிரை வைத்தியர் சம்சாரம்தான். செத்தவருக்குத் தொழில் மிஞ்சியது, இருப்பவளுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. சாந்தமான பெண்மணி ஒருத்தி, ஒருநாள் பொறுமை இழந்தாள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். திர்சா காலையில் கோபத்தோடு எழுந்து, மாலையில் அதையே போர்த்திக்கொண்டு படுக்கிறவள்.

அந்தக் கோபம் முதலில் போய் விழுந்தது முட்டைக்கோஸ் பாத்தியில். நத்தைகள் இலைகளைச் சல்லடையாக்கின. பொறுக்கிச் சுவருக்கு அப்பால் சந்தில் வீசினாள். மறுநாளும் நத்தைகள். போனவைதான் திரும்பி வருகின்றனவா, இல்லை புதுப் படையா? ஒவ்வொன்றின் ஓட்டிலும் வெள்ளைச் சாயத்தில் ஒரு பொட்டு வைத்து வீசிப் பார்த்தாள். பொட்டோடு திரும்பி வந்தன. அன்றைக்கு நத்தைமேல் ஒரு மரியாதை வந்தது. மனிதர்கள்மேல் அவளுக்கு வராத மரியாதை.

இதை அவள் எழுதியனுப்பியது நாரிச் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஆஸ்மண்ட் க்ரோலுக்கு. நாட்டு நத்தைகளில் அவர் பெரிய ஆள், பத்திரிகையில் எழுதுகிறவர். நான்கு வருடம் கடிதம் போய் வந்தது. கடிதத்தோடு நத்தைப் பெட்டியும் போகும். இவள் அனுப்பிய நத்தைகளில் வேண்டியதை அவர் எடுத்துக்கொண்டு, தம்மிடம் உபரியாக உள்ளதை நிரப்பி, பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும். நத்தை சேகரிக்கும் இந்த ஆட்களிடையே நத்தையைத் திருப்பாமல் இருந்தால் மறதி என்பார்கள், பெட்டியைத் திருப்பாமல் இருந்தால் திருட்டு என்பார்கள். திர்சாவின் பெட்டி கணவர் கத்திகள் வைத்திருந்த ரோஸ்வுட் பெட்டி, உள்ளே தக்கை ஒட்டியது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கடிதத்தை எப்படித் தொடங்குகிறார் என்பதில்தான் ஒருவருடைய மனசு தெரியும். ‘என் அன்பிற்குரிய ஐயா’ என்றால் உறவு நன்றாயிருக்கிறது. ‘என்’ உதிர்ந்து ‘அன்பிற்குரிய ஐயா’ என்று வந்தால் எங்கோ வலிக்கிறது. வெறும் ‘ஐயா’ என்றால் கத்தியை உருவியாயிற்று.

அந்தக் கோடையில் பழைய கல்குவாரியின் ஈரச் சுவரில் திர்சா ஒரு நத்தையைக் கண்டாள். மிளகு அளவுதான். ஓட்டின்மேல் பூனைமயிர். சுருள், ஊரில் மற்ற நத்தைகளைப்போல வலப்பக்கம் போகாமல் இடப்பக்கம் போயிற்று. எந்தப் புத்தகத்திலும் இல்லை. முதலில் அச்சில் பெயர் வைப்பவர் யாரோ, அவருடைய குடும்பப் பெயர் அந்த நத்தையின் லத்தீன் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். உலகத்தில் புத்தகம் இருக்கும்வரை பிரிக்க முடியாது. ‘பெத்திபிரிட்ஜ்’ என்று தனியாக, யாருடைய சம்சாரமாகவும் இல்லாமல், அச்சில். அவளுக்கு அது வேண்டும். ஆசையை அடக்கத்தால் மூடிவைக்கிற பழக்கம் அவளிடம் இல்லை.

நத்தைப் பெட்டி, வண்டிக்காரர் வழியாக ரயிலேறியது. கடிதம் சந்துச் சுவரில் அந்த வருடம்தான் புதிதாகப் பதித்த தபால் பெட்டிக்குள் போயிற்று. அதுவரை தபால் வாங்கும் கடைவரை நடந்து கடிதத்தைக் கொடுத்தவளுக்கு, தோட்டத்துச் சுவரிலேயே பெட்டி வந்தது வசதி. கடிதத்தில் எழுதியிருந்தாள்: ‘விவரணை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். தங்கள் அபிப்பிராயம் மட்டும் தேவை. அதுவரை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.’

பதில் இல்லை. மழை வந்தது. மழைக்குப் பின்னால் மாதப் பத்திரிகை வந்தது. அதில் அவள் நத்தை, மயிரோடும் இடப்பக்கச் சுருளோடும், வண்ணப் படமாக. பெயர், லார்ட் ஹாவர்ஸ்டோக்கின் பெயர். பின்னால் ஒட்டியிருந்தது ‘க்ரோல்’. அடியில், ‘டெவன்ஷயர் சீமாட்டி ஒருவரின் தாராளத்துக்கு நன்றி.’ வண்ணப் படத்துக்குச் செலவழித்தவர் அந்த லார்ட். அவர் வாழ்க்கையில் நத்தையைச் சந்தித்தது பிரான்ஸில், தட்டில், பூண்டோடு.

திர்சா பத்திரிகையை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். தாராளமாம்! வீட்டுக்குள் புகுந்து கரண்டியைத் தூக்கிப்போகிறவன், வாசலில் நின்று விருந்துக்கு நன்றி சொல்கிறான்.

அன்றைக்கே ‘அன்பிற்குரிய ஐயா’ போனது. பதில் இல்லை. ‘ஐயா’ போனது. பதில் இல்லை. மூன்றாவது கடிதம் விளியே இல்லாமல் போனது. அதில் எழுதியதைப் பாதிரியார் படித்திருந்தால் அவளைக் கோயிலுக்குள் விட்டிருக்கமாட்டார். அதற்கும் பதில் இல்லை. திருடுகிறவன் ஒரு சாக்காவது சொல்லவேண்டாமா? இவ்வளவு மௌனம் க்ரோலால் முடியாது, அவர் வாதநோயைப் பற்றியே நான்கு பக்கம் எழுதுகிறவர். திர்சாவின் சந்தேகம் நாரிச்சிலிருந்து நடந்து வந்து ஈலாய் வோடன்மேல் உட்கார்ந்தது.

மத்தியானம், சுத்தியலோடு சந்தில் அவரை மறித்தாள்.

“ஈலாய், என் காயிதமெல்லாம் எங்க போச்சு?”

“நான் தின்னுட்டேங்கறீங்களாம்மா?”

“உன் தொப்பையப் பாத்தா அப்படித்தான் தெரியுது. பெட்டியத் தொற.”

“நாலு மணிக்குத்தாம்மா தொறக்கணும். ராணியம்மா பெட்டி இது, ஒங்க வீட்டு அலமாரி இல்ல.”

“ராணியம்மாவும் விதவை, நானும் விதவை. நாங்க பேசித் தீத்துக்கறோம். நீ தொற!”

“என் வேலை போயிடும்மா.”

“போகட்டும். என் பேரே போச்சு.”

அடி விழுந்தது அப்போதுதான். ஈலாய் சாவியை எடுத்ததற்குச் சட்டம் காரணமல்ல, அடுத்த அடி எங்கே விழும் என்ற கணக்குதான் காரணம். சத்தம் கேட்டு ரொட்டிக்கடைக்காரர் மனைவி கெசியா மாவுக்கையோடு ஓடிவந்து நின்றாள். பிற்பாடு கோடாலி செய்தது அந்தக் கைதான்.

கதவு திறந்தது. உள்ளே கடிதம் இல்லை. சாம்பல் நிறக் கூழ். கூழின்மேலும், சுவரிலும், கதவின் உட்புறத்திலும் வயிறு நிறைந்த நத்தைகள்.

“அட, இதுவா!” என்றார் ஈலாய். “வாரா வாரம் அடியில இந்தக் கூழு கெடக்கும்மா. மழையில ஊறுன குப்பைன்னு சொரண்டி வேலியில போட்டுட்டேன்.”

“மத்தவங்க காயிதம்?”

“மத்தவங்க கடையிலதான் குடுக்கறாங்க. இதுல போடுறது நீங்க ஒருத்தருதான். உறைய எதுல ஒட்டுறீங்க?”

அரக்கு விலை ஏறியதிலிருந்து திர்சா மாவுப் பசை காய்ச்சித்தான் ஒட்டுகிறாள். நத்தைக்கு மாவுப் பசை என்றால் என்ன என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

கெசியா குனிந்து பார்த்தாள். “ஏம்மா, இதுங்க மேலெல்லாம் என்ன வெள்ளையா பொட்டு வச்சிருக்கு?”

திர்சா ஏப்ரனை விரித்துப் பிடித்தாள்.

“ஓ,” என்றாள் கெசியா. “ஒங்க வீட்டுப் புள்ளைங்கதானா!”

திர்சாவின் கோபத்துக்கு அதுவரை எப்போதும் ஓர் எதிராளி இருந்தான். முதன்முறையாக அது திரும்பி அவளைப் பார்த்தது. அவள் அதற்கு வழிவிடவில்லை. நத்தைகளை ஏப்ரனில் அள்ளிக்கொண்டு, “சிரிச்சீன்னா ஒனக்கும் ஒரு பொட்டு வப்பேன்” என்று ஈலாயிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்தமுறை ‘ஐயா’ என்று தொடங்கிய கடிதத்தை அரக்கு வைத்து மூடி, கடைவரை நடந்தே போய்க் கொடுத்தாள்.

க்ரோலின் பதில் ஒரே வாரத்தில் வந்தது. ‘என் அன்பிற்குரிய அம்மையீர்’ என்று தொடங்கியது. அந்த ‘என்’னைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. தாங்கள் எழுதியபடியேதான் செய்தேன், தங்கள் கோபம் எனக்குப் புரியவில்லை, சான்றாகத் தங்கள் கடிதத்தையே இணைத்திருக்கிறேன், நிற்க, இங்கே மழை, எனக்கு முழங்கால் வலி.

அவளுடைய அந்த முதல் கடிதம் சல்லடையாக இருந்தது, ‘நானே’, ‘அதுவரை’ எல்லாம் போயிருந்தன. கடைசி வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் சுத்தமாக ஓர் ஓட்டை. ‘அச்சுக்குக் கொடுக்க வேண்’ வரை இருந்தது. அப்புறம் ஓட்டை. அப்புறம் ‘ம்’. ஓட்டைக்கு மேலே, மருந்துச்சீட்டு எழுதுகிற நேர்த்தியில், பென்சிலால் க்ரோல் எழுதியிருந்தார்: ‘டு’.

ஆசைப்பட்ட மனிதனிடம் ஓர் ஓட்டையைக் கொடுத்தால் அதில் ‘டா’வையா போடுவான்?

திர்சா பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஓரமெல்லாம் அரம் தேய்த்ததுபோல் இருந்தது, நத்தை நாக்கின் வேலை. வலது ஓரத்தில் ஒரு மைத்துளி. ‘டா’வின் காலாக இருக்கலாம். ஈரத்தில் பரவிய கறையாகவும் இருக்கலாம். கால்தான் என்று அவள் அன்றும் சொன்னாள், இன்றும் சொல்கிறாள். க்ரோலிடமும் பூதக்கண்ணாடி உண்டு. மிளகளவு ஓட்டின்மேல் இருந்த மயிரை எண்ணி எழுதிய கண்ணாடி அது. அந்தக் கண்ணாடிக்கு இந்தக் கால் மட்டும் தெரியவில்லையாம்! அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லையா, தெரிந்தும் கண்ணாடியைக் கீழே வைத்தாரா என்பதை நாரிச் வரை போய்க் கேட்டாலும் பயனில்லை. அவருக்கே மறந்திருக்கும். கனவான்களுக்கு அந்த வசதி உண்டு.

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினாள். அச்சான பெயர் அச்சானதுதான், மாற்ற விதியில்லை என்று பதில் வந்தது. ஆனால் நியாயம் செய்யாமல் விடமாட்டோம் என்று திருத்தம் ஒன்று போட்டார்கள், கடைசிப் பக்கத்தில், ஈரல் மாத்திரை விளம்பரத்துக்குக் கீழே, எறும்பெழுத்தில். ‘லார்ட் ஹாவர்ஸ்டோக் நத்தையை முதலில் கண்டெடுத்தவர், காலஞ்சென்ற குதிரை வைத்தியர் ஒருவரின் மனைவி என அறிகிறோம்.’

அதை அவள் நின்றபடியே படித்தாள். அன்றைக்குச் சுத்தியல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதது பத்திரிகை ஆசிரியரின் அதிர்ஷ்டம். அவர் லண்டனில் இருந்தது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம்.

நத்தைகளைக் க்ரோல் ஒழுங்காகத் திருப்பி அனுப்பினார், பஞ்சு சுற்றி, ஒரு புகையிலை டப்பியில். ரோஸ்வுட் பெட்டி வரவில்லை. நத்தையின் பெயர் லார்டுக்குப் போனது போனதுதான், அதற்கு வழக்கில்லை. பெட்டிக்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு புத்தாண்டுக்கும் திர்சா ஒரு கடிதம் எழுதி, அரக்கு வைத்து, சேற்றில் கடைவரை நடந்து கொடுக்கிறாள். கடிதம் முழுவதும் இவ்வளவுதான்: ‘ஐயா, என் பெட்டி.’ பதில் தவறாமல் வருகிறது, ‘என் அன்பிற்குரிய அம்மையீர்’ என்று, நான்கு பக்கத்துக்கு. மழை இருக்கும், முழங்கால் இருக்கும், அவர் பக்கத்து நார்ஃபோக் ஓடைகளில் புதிதாகக் கிடைத்த நத்தைகள் இருக்கும். பெட்டி மட்டும் இருக்காது.

கெசியாவுக்கு வேறொரு கவலை. போன வாரம்கூட ரொட்டியைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏம்மா, அந்த ஓட்டையப் போட்டது ஒங்க நத்தைங்கதான்னு அந்த ஐயாகிட்டச் சொல்லிட்டீங்களா இல்லியா?”

திர்சா ரொட்டியை வாங்கிக் கூடையில் போட்டாள்.

“மொதல்ல பெட்டி வரட்டும்.”