மோசமில்ல, மிரன்

எங்கள் பால்கேரி ஸ்டேஷனில் யாரை நலம் விசாரித்தாலும் "மோசமில்ல" என்றுதான் பதில் வரும். காலே ஒடிந்திருந்தாலும் அதேதான். டிக்கெட் கொடுக்கும் ரோனா இதில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள்.

கல்யாணமான புதிதில் வேலைக்கு வந்தவள். இருட்டோடு வந்து ஹீட்டரைப் போட்டு, பனி உறைந்த பிளாட்பாரத்தில் வழுக்காமலிருக்க உப்புத் தூவி, பிறகுதான் மைக் முன்னால் உட்காருவாள். முழங்கால் இரண்டும் போய்விட்டன. பக்கத்து டீக்கடை என்னுடையது. "இந்த வயசுல உப்பு மூட்டை தூக்கணும்னு உனக்கென்ன தலையெழுத்தா?" என்பேன். "மோசமில்ல மிரன், ஒரு டீ குடு" என்பாள்.

போன கோடையில் அவள் புருஷன் ஸ்ட்ரூவனுக்குப் பக்கவாதம் வந்தது. தடி ஊன்றித்தான் நடப்பார். பிளாட்பாரக் கோடியில் நின்றால் அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் தெரியும். எழுந்ததும் விளக்கைப் போட்டு, நல்ல கையால் திரையை மேலே இழுத்துவிடுவார். அதைப் பார்த்தால்தான் அவளுக்கு உயிர் வரும். மத்தியான வேலைக்கு மாற்றுங்கள் என்று மேலே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். இழுத்தடித்தார்கள், பாவிகள்.

அந்த ஜனவரிக் காலையில் எடின்பரோ வண்டி லேட். கூட்டம் முழுக்க, அவரவர் ஏறும் பெட்டியின் கதவு வந்து நிற்கும் இடத்தில் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தது. ரோனா கோடிக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். விடிந்தும் திரை ஏறவில்லை.

"போன் பண்ணியா?"

"அடிச்சுக்கிட்டே இருக்கு. எடுக்கல."

"அப்புறம் இங்க என்னடி பண்ற? போ!"

"பிளாட்பாரம் மாறினா யாரு சொல்லுவா? அந்தப் பக்கம் போற பாலம் வேற பனியில வழுக்குது. தூங்கியிருப்பாரு. மோசமில்ல."

எனக்கு வந்ததே கோபம்! "உன் மோசமில்லையைத் தூக்கித் தண்டவாளத்துல போடு. மைக்க நான் பாத்துக்கறேன். ஓடு!"

அந்த முழங்காலோடு ஓடினாள். நான் மைக்கைப் பிடித்தேன். "வண்டி லேட். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. யாரும் அலட்டிக்காதீங்க."

வக்கீல் ஆபீஸ் லென்னி டிக்கெட் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். "இன்னிக்குமா லேட்டு?"

"உங்களுக்கு மட்டும் தனியா குளிருதா?" என்றேன். போய்விட்டார்.

வண்டி வருவதற்குள் ரோனா திரும்பிவிட்டாள். கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடவில்லை. என்னை நகர்த்திவிட்டு மைக்கை எடுத்து, "எடின்பரோ வண்டி இரண்டாவது பிளாட்பாரத்துக்கு வருகிறது. பாலத்தில் பார்த்து ஏறுங்கள்" என்று நிதானமாகச் சொன்னாள். நான் வெளியே வந்து கோடியைப் பார்த்தேன். திரை ஏறியிருந்தது. விளக்கும் எரிந்தது. அப்பாடா என்றிருந்தது.

கூட்டம் போனதும் டீ கொண்டுபோனேன். "தூங்கித்தானே இருந்திருக்காரு? நீயும் உன் பயமும்!"

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"திரைய நான்தான் ஏத்தினேன், மிரன். அவரு உடம்பு சில்லுனு ஆயிடுச்சு. டாக்டர் வந்து பாத்து எழுதிக் குடுக்கணுமாம். பக்கத்து வீட்டம்மா உக்காந்திருக்கா. இருட்டுல விட்டுட்டு வர மனசு வரல, விளக்கைப் போட்டேன்."

"ஐயோ ரோனா, ஏன்டி திரும்பி வந்த?"

"பாலம் வழுக்குமேன்னுதான்."

அடுத்த வண்டிக்கு வந்த யாரோ கண்ணாடியைத் தட்டினார். "என்ன ரோனா, எப்படி இருக்கே?"

பழக்கத்தில் அவள் வாய் திறந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"அவ புருஷன் செத்துட்டாருய்யா. அவ நல்லா இல்ல."