சிவப்பு மையில் எழுதிய வரி

மஞ்சள் அரைக்கும் வாசனை எங்கிருந்தாவது வந்தால் இந்த வயதிலும் என் வலது கை தானாக முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. வீட்டில் உள்ளவர்கள் இதைப் பார்த்துக் கேலி செய்வார்கள். காரணத்தை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைகளைத் தாண்டிய ஒரு சந்தில் இருந்த தமிழ்த் தொடக்கப்பள்ளியில் எனக்கு இரண்டாம் வகுப்பைக் கொடுத்தார்கள். காத்தோங்கிலிருந்து பஸ் பிடித்து வருவேன். தகரக் கூரை, இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் வாயசைப்பார்கள். மழை பெய்தால் யாருக்கும் எதுவும் கேட்காது, அன்றைக்கெல்லாம் எழுத்து வேலைதான்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கோபம் மூக்குக்கு மேல் வரும். பயிற்சியில் படித்தது அத்தனையும் ஒரே வருடத்தில் நடத்திக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் வேறு. பெற்றோரைக் கூட்டி வைத்துப் பேசலாம் என்று தலைமையாசிரியரை நச்சரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கினேன். பதினைந்து பேர் வந்திருந்தால் அதிகம். அவர்களில் பாதிப் பேருக்குக் கைநாட்டுதான். நான் விடவில்லை. வீட்டுப்பாடம் செய்யும்போது பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள், உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை படிப்பதைக் கேளுங்கள், அதுவே போதும் என்று நீட்டி முழக்கினேன். பின்வரிசையில் பெஞ்சு காலியாக இருந்தும் உட்காராமல் ஒரு பெண் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் மஞ்சளாக இருந்தன. அவர் வாசல்பக்கம் நகர்ந்தபோது முன்னால் இருந்தவர் தும்மினார். மிளகாயும் மஞ்சளும் அரைக்கும் மில்லில் அவருக்கு வேலை என்று பிறகு தெரிந்தது.

அவருடைய மகள் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். ஒல்லியான பெண், எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல். வாசிக்கச் சொன்னால் தண்ணீர் குடிப்பதுபோல வாசிப்பாள். எழுதச் சொன்னால் கை நடுங்கும். சொல்வதை எழுதுதலில் பத்துக்கு இரண்டு வாங்கினால் எனக்கே அதிசயம். ஆனால் அவள் வீட்டுப்பாட நோட்டு வேறு கதை. ஒவ்வொரு எழுத்தும் தாளைத் துளைக்கிற மாதிரி அழுத்தி, மெதுவாக, கோட்டை விட்டு ஒரு மயிரிழைகூட நகராமல் எழுதப்பட்டிருக்கும். பிழை இருக்கும், ஒரு வாரத்தில் செய்த பிழை மறுவாரம் இருக்காது. பக்க ஓரங்களில் மஞ்சள் விரல் ரேகைகள்.

அந்த ரேகையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன் என்று எனக்குப் பெரிய பெருமை. ஆகா, பிடித்துவிட்டேன் என்று மனசுக்குள் துள்ளினேன். மகளுக்குக் கஷ்டம் கொடுக்காமல் அம்மாவே வீட்டுப்பாடத்தை எழுதிக் கொடுக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஒரு காலை அவளை எழுப்பி நிறுத்தி, இது யார் கையெழுத்து என்று கேட்டேன். அம்மா கையெழுத்து என்று தயங்காமல் சொன்னாள். முகத்தில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

நோட்டிலிருந்து பதினாறு பக்கங்களைக் கிழித்தேன். பிள்ளைகள் எல்லாரும் பார்க்கக் கிழித்தேன். கிழிக்கும்போது ஒரு தும்மலும் வந்தது, அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன். பிறகு சிவப்பு மையைத் தொட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதினேன்: ‘பிள்ளையின் பாடத்தை அம்மா எழுதினால் பிள்ளையின் படிப்பு கெடும்.’ வீட்டில் காட்டு என்று சொல்லி அனுப்பினேன்.

மறுவாரம் முதல் வீட்டுப்பாடம் மகளின் கோணல் எழுத்தில் வந்தது. எனக்கு ரொம்பத் திருப்தி. பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம்கூட இதைப் பீற்றிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் அவளுடைய கை ஓரளவு திருந்தியது. சொல்வதை எழுதுதலில் ஐந்து, ஆறு என்று ஏறினாள். என் முறைதான் சரி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மூன்றாம் தவணையின் மதிப்பெண் அட்டைகள் கையொப்பத்தோடு திரும்பி வந்தபோது அடுக்கிக்கொண்டிருந்தேன். அவளுடைய அட்டையில் பெற்றோர் இடத்தில் நீல மையில் கட்டைவிரல் ரேகை. அது புதிதல்ல, பாதி அட்டைகள் அப்படித்தான் வரும். ஆனால் அதற்கு மேல், இரண்டாம் தவணைக்கு எதிரே, ஒரு பெயர் எழுதியிருந்தது. தாளைத் துளைக்கிற மாதிரி அழுத்தி எழுதிய நான்கு எழுத்து. அதற்கும் மேல், முதல் தவணைக்கு, மறுபடி ரேகை.

ரேகை, பெயர், ரேகை. இரண்டாம் தவணையில் இதே அட்டை என் கை வழியாகத்தான் போயிருக்கிறது. அப்போது நான் மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன்.

மணி அடித்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். பயந்துகொண்டுதான் சொன்னாள். கூட்டத்துக்குப் போய் வந்த அன்றிலிருந்து அம்மா மில் விட்டு வந்து கை கழுவிவிட்டு, விளக்கேற்றும் நேரம் வரை இவள் பக்கத்தில் உட்காருவாராம். இவள்தான் டீச்சர். என்னைப்போலவே ஸ்கேலைத் தட்டிக்கொண்டு பாடத்தை வாசிப்பாள், அம்மா எழுதுவார். பிழைக்கு இவள் சுழி போடுவாள். இன்னொரு நோட்டு கிடையாது, அதனால் எல்லாம் வீட்டுப்பாட நோட்டில். டீச்சர் எங்கேயாவது எழுதுவாரா, அதனால் இவள் எழுதவில்லை. எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

அம்மா எதற்காகப் படிக்க ஆசைப்பட்டார் என்றும் சொன்னாள். ஊரிலிருந்து பெரியம்மா போடும் கடிதங்கள் மில் முகவரிக்குத்தான் வரும். மில்லில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி அவற்றைப் பிரித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படிப்பாராம். கெட்ட எண்ணம் இல்லை, அவருடைய வழக்கம் அப்படி. பெரியம்மாவைப் புருஷன் அடித்துத் துரத்திய சேதியையும் அப்படித்தான் படித்திருக்கிறார். அன்று மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் கேட்டார்களாம்.

அன்றைக்கே அவள் பின்னாலேயே அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, வாசலில் காயப்போட்ட புடவை. என்னைப் பார்த்ததும் அவர் பதறிப்போய், கெட்டிப்பால் டின் ஒன்றை உடைத்துத் தேநீர் கலக்கினார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். தெரியாமல் கிழித்துவிட்டேன், தப்பு என்னுடையது, நீங்கள் மறுபடி எழுதுங்கள் என்று சொல்லி, வரும் வழியில் வாங்கிய புது நோட்டை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

“வேணாம் டீச்சர். நீங்க எழுதினது சரிதான். நான் பேனாவத் தொட்டப்ப இவ ரெண்டு மார்க்கு. விட்டப்புறம் ஆறு மார்க்கு. ஒரு நோட்டுல ரெண்டு பேரு எழுதினா படிப்பு பங்கு போயிடும்லா.”

அப்படியெல்லாம் கிடையாது என்று வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மகள் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

“ஆனா அந்தச் சிவப்பு எழுத்த நானே படிச்சேன் டீச்சர். புள்ளகிட்ட கேக்கல. எனக்குன்னு ஒருத்தர் எழுதினத நானே படிச்சது அதுதான் மொதல்ல.”

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ஏறக்குறைய நன்றி சொல்வதுபோல இருந்தது. நோட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் காத்தோங் வரை அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கவே தயங்கினார்.

புது நோட்டில் மறுநாள் முதல் மகள் வீட்டுப்பாடம் எழுதினாள். பக்க ஓரங்கள் சுத்தமாக இருந்தன. ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன், எங்கேயாவது ஒரு மஞ்சள் ரேகை இருக்காதா என்று. வருட முடிவில் அவள் ஐந்தாவதாகத் தேறினாள். அப்போதே அவர்கள் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். அரசாங்க அடுக்குமாடி ஒன்றில் இடம் கிடைத்ததாம், அங்கே வேறு பள்ளி. எங்கே என்று கேட்டதற்கு அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா மட்டும் இனி பஸ்ஸில் மில்லுக்கு வருவார் என்றாள்.

மில் என் பள்ளியிலிருந்து பத்து நிமிட நடை. நேரில் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை, அதுதான் உண்மை. இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, கடைசியில் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி பெரிய எழுத்தில், சின்னச் சின்ன வரிகளாக, நீல மையில். உங்கள் கையெழுத்து அழகு. அதைக் கிழித்தது என் தப்பு. உங்களால் யார் படிப்பும் கெடவில்லை. தயவுசெய்து எழுதுங்கள். அவர் இரண்டாவதாகப் படிக்கப்போவது இதுவாக இருக்கட்டும் என்று ஆசையோடு தபால் பெட்டியில் போட்டேன்.

போட்டுவிட்டு நாலு அடி நடந்த பிறகுதான் உறைத்தது. எனக்குத் தெரிந்த ஒரே முகவரியை, மில் முகவரியை, உறையின் மேல் எழுதியிருந்தேன். திரும்பி ஓடிப்போய் பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை.

பதில் வரவில்லை. கிராணி பிரிப்பதற்குள் அவர் கையை நீட்டி வாங்கியிருப்பார், ஒரு மூலைக்குப் போய்த் தானே படித்திருப்பார் என்று சில நாட்களில் நம்புகிறேன். மஞ்சள் வாசனை வருகிற நாட்களில் நம்ப முடிவதில்லை. மெஷினை நிறுத்திவிடுகிறார்கள். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கிராணி என் கடிதத்தைப் பிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படிக்கத் தொடங்குகிறார்.