கட்டை வைத்து விற்ற பிக்கப்

ஐம்பதுகளில் இலங்கை மலைநாட்டு டிக்கோயாவில் மரக்கறி வியாபாரம் செய்தேன். தேயிலைத் தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றவும், ஞாயிறுகளில் மனைவியோடு கோயிலுக்குப் போகவும் ஒரு பழைய பிக்கப் பார்த்தேன். எங்கே நிறுத்தினாலும் அதன் சொந்தக்காரர் உடனே இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். மலைநாட்டில் எல்லோரும் செய்வதுதானே. பொறுப்பான ஆள் என்று நம்பி வாங்கினேன். மடத்தனம்.

மறுநாள் மழை. கட்டை வைக்கச் சோம்பல்பட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அருகே ஏற்றத்தில் கைப்பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டு இறங்கினேன். மனைவி உள்ளே இருக்க, வண்டி பின்னால் உருண்டது. கத்திக்கொண்டு ஓடினேன். நல்லவேளை, தேயிலைச் செடிகளில் மோதி நின்றது.

கதவைத் திறந்தேன். அவள் இறங்கித் தள்ளி நின்றாள்.

"ஏங்க, கோயிலுக்கும் இதுலதானா? நான் நடந்தே வந்துர்றேன்."

விற்றவனிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "கைப்பிரேக் பிடிக்காதுன்னு ஏன்யா சொல்லல?"

"உங்க கண்ணு முன்னாடிதானே கட்டை வச்சேன்!" என்றான் அயோக்கியன்.

பிரேக்கைச் சரிசெய்து அதையே பல வருடம் ஓட்டினேன்; அவளும் கூடவே வந்தாள். அதன்பிறகு எந்த வண்டி வாங்கினாலும், ஆளில்லாமல் ஏற்றத்தில் நிறுத்தி, கட்டையை எடுக்கும்படி விற்பவரிடம் சொன்னேன். நல்ல வண்டிகள் கிடைத்தன. பக்கத்தில் அமர்ந்து, "மெதுவாப் போங்க" என்று அதட்ட அவள்தான் இப்போது உயிரோடு இல்லை.