பிரேசிலில் இருந்து வந்த வாழ்த்து

பொழிச்சலூர் மாடியில் அப்பா செடிகளுக்குத் தண்ணீர் விடுவதையும், அவர் தலைக்கு மேல் விமானம் இறங்குவதையும் படம் பிடித்து இந்தப் பக்கத்தில் போடுவேன். பிரேசிலில் இருக்கும் லூசியா ஒன்றுவிடாமல் பார்ப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் போர்த்துகீசியம் தெரியாது. நடுவில் இந்தத் தளமே செய்து தரும் அரைகுறை மொழிபெயர்ப்புதான்.

நேற்று அப்பாவின் பதினாறாம் நாள். மாலை போட்ட அவர் படத்தைப் போட்டு, "காரியம் நல்லபடியாக முடிந்தது" என்று மட்டும் எழுதினேன்.

இன்று காலை லூசியாவிடமிருந்து பதில்.

"எவ்வளவு பூக்கள்! அப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள். கேக் சாப்பிட்டாரா?"

போனவர்கள் படத்துக்குத்தான் நம் ஊரில் மாலை என்பதை எந்த மொழிபெயர்ப்பு சொல்லும்?

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அப்பா படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவருக்கு சுகர் இருக்கு, கேக் குடுக்கலைன்னு எழுதுடா."

அப்படியே எழுதிவிட்டேன்.

இந்தப் பதிவையும் லூசியா மொழிபெயர்த்துப் படிப்பார். இந்த ஒரு தடவை மொழிபெயர்ப்பு படுமோசமாகச் சொதப்பட்டும்.

நீங்களும் கீழே ஆறுதல் எதுவும் எழுதாதீர்கள். வேண்டுமானால், அப்பாவுக்கு சுகர் இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.