நீலக்கா வெளுத்த இரண்டு குதிரைகள்

நீலக்காவுக்கு அந்தப் பெயர் விரல்களால் வந்தது. நகக்கண்களில் எப்போதும் ஒரு நீலக் கோடு நிற்கும். துணி வெளுக்கும் கடையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். கடை மூடியதும் எங்கள் குதிரை லாயத்துக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டைக்குப் போடும் சொட்டு நீலத்தை வெள்ளைக் குதிரையின் வாலுக்கும் போட்டுப் பார்க்கலாம் என்று அங்கே முதலில் நினைத்தவர் அவர்தான். முதல் தடவை அளவு கூடிப்போய், ஒரு கிழட்டுக் குதிரை பல நாள் ஆகாய நிறத்தில் திரிந்ததாம். அது நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பு. சொன்னவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், அதனால் நிறம் எவ்வளவு அழுத்தம் என்று என்னால் உறுதி கூற முடியாது. இனி எழுதுவதெல்லாம் லாயத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது நானே கண்டது.

வெள்ளைக் குதிரை என்கிறோமே தவிர, அது வெள்ளையாக இருக்கும் நேரம் மிகக் குறைவு. தன் சாணத்தின் மேலேயே படுக்கும். விலாவில் மஞ்சளாகவும் முழங்காலில் பச்சையாகவும் கறை ஏறும். நீலக்கா ஒரு கறையைக் கண்டால் தேய்ப்பதற்கு முன் மோந்து பார்ப்பார். "இது புல்லு. இது மூத்திரம். இது என்னன்னு தெரியலையே," என்று அதன் முன்னாலேயே நின்றுவிடுவார். தெரியாத கறையென்றால் அவருக்குக் கொண்டாட்டம். அது எங்கிருந்து வந்தது என்று தீவனத் தொட்டி, சுவர், கதவு என ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த பிறகுதான் சோப்பையே தொடுவார்.

வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, பிறகு நுரை ஒரு பொட்டுகூட நிற்காமல் அலசல். "நுரை நின்னா அரிக்கும். அரிச்சா சுவத்துல தேய்க்கும். தேய்ச்சா மறுபடி நான்தான் வரணும்," என்பார். கடைசியில் வாலுக்கு நீலம். ஈரம் காய்ந்த கால்களுக்கு வெள்ளைப் பொடி.

லாயத்தில் ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு வெள்ளைக் குதிரைகள் இருந்தன. ஒன்று சுண்ணாம்பு. தலைமேல் காக்கை உட்கார்ந்தாலும் அசையாது. மற்றது அவசரம். ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால் போதும், சவாரி செய்பவரை விட்டுவிட்டு அது மட்டும் வீடு வந்து சேரும். சுண்ணாம்புக்கு வால் மஞ்சள். அவசரத்துக்குக் கழுத்தில் தேயிலைத் தூள் தூவியதுபோல் கறைப் புள்ளிகள். அது போதாதென்று சுண்ணாம்புக்குச் சிவப்புத் தலைக்கயிறு, அவசரத்துக்குப் பச்சை.

நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளைக் குதிரைமேல் உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்கும் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர், சுண்ணாம்பை வாங்க ஒரு காலையில் வருவதாக இருந்தது. முதலாளி, "ரெண்டையும் பளிச்சுனு பண்ணிடு. ஒண்ணு வாங்க வர்றவங்க மனசு மாறி ரெண்டு வாங்கலாம்," என்றார்.

நீலக்கா அன்று தன் வித்தை முழுவதையும் இறக்கினார். நீலத்தில் வாலின் மஞ்சள் போனது. சோப்பில் கழுத்துப் புள்ளிகள் கரைந்தன. இரண்டுக்கும் மூக்கிலிருந்து கால்வரை பொடி பூசினார். குளம்புகளுக்குக் கறுப்பு பூசியாயிற்று. தலைக்கயிறுகளையும் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டார். தீவனம் போடும் அவருடைய கொழுந்தன், குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக் கொண்டுவந்து, வேறு பழைய கயிற்றால் வெயிலில் கட்டினான். பிறகு காய்ந்த கயிறுகளை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணி, எதுக்கு எது?"

"வலது பக்கம் நிக்கறது சுண்ணாம்பு."

"இல்ல அண்ணி, இடது பக்கம்."

"விளையாடாதே."

"கட்டினவன் நான்தானே?"

"மாத்திக் கட்டினியா?"

"அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

நீலக்கா இரண்டின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டும் காதைத் திருப்பின. கொழுந்தன் திடீரென்று குடையை விரித்தான். இரண்டும் ஓரடி பின்வாங்கின, இரண்டும் கொட்டாவி விட்டன. வெந்நீர்க் குளியலின் சுகம்.

"எனக்கு நூத்துக்குத் தொண்ணூறு பங்கு நிச்சயம். வலதுதான்," என்றார் நீலக்கா.

"அப்ப அதையே குடுத்துடலாம்," என்றார் முதலாளி.

"ஐயா, மேல உக்காரப் போறது கால் நிக்காத பிள்ளை. மிச்சம் பத்துப் பங்குக்கு அதுவா குதிச்சுத் தப்பிக்கும்?"

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நீலக்கா வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். "ஆமா, இதுக்குச் சுண்ணாம்புன்னு ஏன் பேரு?" என்றார்.

"வெள்ளையா இருக்குல்ல?" என்றான் கொழுந்தன்.

"குட்டியா வந்தப்ப ரெண்டும் கரிக்கட்டை மாதிரி இருந்துச்சேடா. வயசாக ஆகத்தானே வெளுத்துச்சு. கரிக்கட்டைக்கு எவன் சுண்ணாம்புன்னு பேர் வைப்பான்?"

கொழுந்தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "கால் அண்ணி! ஒரு கால் மட்டும் வெள்ளை. சுண்ணாம்பு வாளிக்குள்ள கால விட்ட மாதிரி இருக்கும்."

"எந்தக் கால்?"

அது யாருக்கும் நினைவில்லை. எனக்கும் இல்லை.

நீலக்கா எழுந்துவிட்டார். முடி வெளுத்தாலும் தோல் வெளுப்பதில்லை. கறுப்பு முடி இருந்த இடத்தில் தோலும் கறுப்பு. பிறவியிலேயே வெள்ளையாக இருந்த இடத்தில் தோல் சிவப்பு. காய்ந்திருக்கும்போது தெரியாது. நனைந்து முடி ஒட்டிக்கொண்டால் தெரியும். கழுவும்போது எங்கேயோ ஒரு சிவப்பைப் பார்த்திருக்கிறார். கறை இல்லை என்பதால் மேற்கொண்டு கவனிக்கவில்லை.

"எட்டுக் காலையும் நனைக்கணும்," என்றார்.

"அவங்க வர்ற நேரம்மா! பொடியெல்லாம் கூழா ஓடுமே!" என்றார் முதலாளி.

"ஓடட்டும்."

காலையிலிருந்து குனிந்து பூசிய பொடியின் மேல் அவரே தண்ணீரை ஊற்றினார். வலப்பக்கத்துக் குதிரைக்கு முதலில். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போட்டதுபோல நின்றது அது. நாலு காலும் கறுப்பு. நீலக்கா வாளியை மறுபடி நிரப்பினார். இடப்பக்கத்துக் குதிரைக்கு ஊற்றினார். முன்னங்கால்கள் கறுப்பு. பின்காலில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே, உள்ளங்கைபோலச் சிவந்திருந்தது.

"அண்ணி, அந்தத் தொண்ணூறு பங்கு…" என்று ஆரம்பித்தான் கொழுந்தன்.

"எங்கேயோ விழுந்துடுச்சு, தேடி எடுத்துக்கோ. முதல்ல கயித்தப் பிடி."

திரும்பினால், வாசலில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "இப்பதான் சுத்தத்துக்காகக் கால் கழுவி…" என்று முதலாளி முன்னால் போனார்.

"சுத்தத்துக்கு இல்லீங்க," என்றார் நீலக்கா. "எது எதுன்னு எங்களுக்கே தெரியாமப் போச்சு. நான் தப்பான குதிரையக் காட்டினேன். இவன் சொன்னதுதான் சரி."

முதலாளி வானத்தைப் பார்த்தார். டீச்சர் குனிந்து அந்தச் சிவந்த காலைத் தொட்டார். குதிரை காலை இழுக்கவில்லை. தலையைத் தாழ்த்தி அவர் கோட்டின் முதுகில் மூக்கைத் தேய்த்தது. கறுப்புத் துணியில் வெள்ளையாகப் பொடி ஒட்டியது.

"கறுப்பாப் பிறந்தது எப்படி வெள்ளையாச்சு?" என்று கேட்டார் டீச்சர்.

"நானும் பல தடவை கேட்டுட்டேன். அது சொல்ல மாட்டேங்குது."

டீச்சர் சிரித்துவிட்டு, இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றார். முதலாளி உடனே வண்டியில் ஏற்றச் சொன்னார். ஈரக் குளம்போடு பலகையில் ஏறினால் வழுக்கும், காயட்டும் என்றார் நீலக்கா. எல்லோரும் வெயிலில் நின்று அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பு மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, கடைசியில் குளம்போரம் ஒரு கோடாக நின்று, அதுவும் போய்விட்டது. மறுபடியும் இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. கொழுந்தன் மட்டும் சிவப்புக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மூக்கு அரித்தபோதும் கயிற்றை விடாமல் தோளிலேயே தேய்த்துக்கொண்டு நின்றான்.